கழுத்துக் காயமும் காசுப் பையும்

லாஸ்பேட்டையில் வீடுகள் மாடி மேல் மாடியாக எழும்புகின்றன. அவற்றைக் கட்டும் கொத்தனாரும் சித்தாளும் சாரத்தின் மேல் நின்று உழைக்கிறார்கள். தென்னை ஏறுகிறவர், இரவு ஷிப்ட் முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் திரும்புகிறவர், இவர்களில் எவர் விழுந்து கழுத்து முறிந்தாலும் ஒரு குடும்பமே முறிகிறது. கழுத்தெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கினால் கையும் காலும் போய்விடும்.

விழுந்தவருக்கு ஸ்கேன் தேவையா, இல்லையா? இதை நிர்ணயிக்க வேண்டியது காயமா, காசுப் பையா? காசு இருந்தால் தேவையில்லாத ஸ்கேன். இல்லாவிட்டால் தேவையான ஸ்கேனும் கிடையாது. இந்த நியாயத்தை நாம் ஏற்க முடியாது.

விஞ்ஞானம் இதற்குத் தெளிவான விடை கண்டிருக்கிறது. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் 34,069 பேரைச் சோதித்து வெளியிட்ட ஆராய்ச்சி ஐந்தே கேள்விகள் கேட்கச் சொன்னது. பிடரி நடுவில் தொட்டால் வலிக்கிறதா? கை கால் மரத்ததா, பலம் குறைந்ததா? நினைவு தடுமாறுகிறதா? போதையில் இருக்கிறாரா? கழுத்து வலியை மறக்கடிக்கும் வேறு பெருங்காயம் உண்டா? ஐந்துக்கும் ‘இல்லை’ என்றால் படம் தேவையில்லை. அந்த ஆராய்ச்சியில் கழுத்துக் காயம் இருந்த 818 பேரில் 810 பேரை இக்கேள்விகள் கண்டுபிடித்தன.

2001-ல் கனடா டாக்டர்கள் வகுத்த விதி, 65 வயதானவருக்கும், மூன்றடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தவருக்கும் படம் எடுத்தே தீர வேண்டும் என்கிறது. சாரமும் தென்னையும் மூன்றடிதானா, தோழர்களே?

இன்னொன்றையும் கவனியுங்கள். “குடித்துவிட்டு விழுந்தவன், தெளிந்தால் சரியாகிவிடும்” என்று தொழிலாளியை மூலையில் கிடத்துவது பெருந்தவறு. போதையில் வலி தெரியாது. ஆகவேதான் அவருக்குப் படம் அவசியம்.

படம் தேவைப்படும் பெரியவர்களுக்கு எக்ஸ்ரே மட்டும் போதாது. கழுத்தின் அடியெலும்பைத் தோள் மறைத்துவிடும், முறிவு தப்பிவிடும். சி.டி. ஸ்கேன் வேண்டும். அதில் எலும்பு சரியாகத் தெரிந்தும் கை கால் மரத்திருந்தால், தண்டுவடத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

பக்கத்தில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்தது; இன்று மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. ஆனால் விழுப்புரமும் கடலூரும் அதன் வாசலில்தான் நிற்கின்றன. ஒரே ஆஸ்பத்திரி எத்தனை பேரைத் தாங்கும்?

ஆகவே நாம் கேட்கிறோம்: சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும், காயம்பட்டவருக்கு இலவசமாக, சி.டி. ஸ்கேன் நடக்க வேண்டும். வேலையிடத்தில் விழுந்தவரின் செலவைக் காண்டிராக்டர் ஏற்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளிக்குச் சர்க்காரே பொறுப்பேற்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் காரணம் எழுதித் தர வேண்டும்.

ஐந்து கேள்விகளையும் மனப்பாடம் செய்யுங்கள். சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்த தொழிலாளியை எவரும் ஏய்க்க முடியாது!