வேனில் ஏறும் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள்



பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது, சேர்க்கை இல்லை, அதனால்தான் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளை மூட வேண்டியிருக்கிறது என்று சொல்லப்படும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிறப்பு குறைந்திருப்பது உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஆனால் காலை எட்டு மணிக்கு எங்கள் ஊருக்குள் வரும் மெட்ரிக் பள்ளி வேன்களில் உட்கார இடமில்லை. அவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே?

அவர்களில் பலர் எல்.கே.ஜி. குழந்தைகள். கழுத்தில் டையும் கண்ணில் தூக்கமுமாக அம்மா இடுப்பிலிருந்து நேராக வேனுக்குப் போகிறார்கள். மூன்று வயதில் அங்கே சேர்த்த பிள்ளையை ஐந்து வயதில் யாரும் ஊர்ப் பள்ளிக்கு மாற்றுவதில்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. எங்கள் ஊரில் இருப்பதோ தொடக்கப் பள்ளி. 2022இல் அந்த வகுப்புகளையும் கைவிடப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகே அரசு பின்வாங்கியது.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சி, கூட்டம் என்று போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடமும் நடத்தி, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவும் போட வேண்டும். இதைப் பார்க்கிற பெற்றோர் கடன் வாங்கியாவது வேறு பள்ளி தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு அரசே கட்டணம் தருகிறது. தன் பள்ளியைக் காலிசெய்ய அரசே பணம் கட்டுவது என்ன நியாயம்?

மிஞ்சியிருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் பட்டியலினத்தவர், அதிலும் பெண் பிள்ளைகள். ஒரே வீட்டில் அண்ணன் வேனில் போகிறான், தங்கை காலை உணவுக்குத் தட்டோடு ஊர்ப் பள்ளிக்கு வருகிறாள். இந்தப் பள்ளியைப் பூட்டினால் அவள்தான் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும்.

2019இல் பிள்ளைகள் இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்க முடிவெடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கும் அந்த நிலை வரக் கூடாது. எந்தப் பள்ளியையும் மூடுவதற்கு முன், மூன்று முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கிராம சபையில் வாசிக்கட்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் வரும் ஜூனிலேயே எல்.கே.ஜி. தொடங்கி, அதற்கென்று தனி ஆசிரியரையும் அரசு நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
சிவகங்கை மாவட்டம்.