சிமெண்டு மயக்கம்

சுற்றுச்சூழலைப் பேணும் கட்டட முறைகள் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றும், ஏழைக்கு வேண்டியது நான்கு சுவரும் மேலே ஒரு கான்கிரீட் தளமுமே என்றும், அவனுக்கு வீடு கொடுக்கிற அவசரத்தில் கரியைப் பற்றியும் புகையைப் பற்றியும் விசாரப்படுவது இரக்கமற்றவர்களின் காரியம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் நாட்டில் வெகுகாலமாக வழங்கிவருகிறது. எஸ்டிமேட் போடுகிற என்ஜினீயர் இதைச் சொல்லுகிறார். மனைப்பட்டாவுக்கு அலைகிற குடும்பஸ்தர் சொல்லுகிறார். மேடை ஏறினால் எதிரெதிராக நிற்கிற கட்சிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஏகமனதாக இருக்கிறார்கள். ஏழையின்மேல் கருணை என்கிற வேஷத்தில் உலாவுவதனால் இதை மறுக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. கருணையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை எடுத்துப் பார்க்கிறவனுக்கோ, இதில் கருணையும் இல்லை, கணக்கும் இல்லை என்பது சீக்கிரத்தில் விளங்கிவிடும்.

இந்தப் பிரமை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பசுமைக் கட்டடம் என்ற பெயரை ஜனங்கள் முதலில் கேட்டது பெரிய கம்பெனிகளின் வாசலில்தான். 2003-இல் ஐதராபாத்தில் தொழிலதிபர்கள் கூட்டமைப்பு எழுப்பிய ஒரு மையம் அமெரிக்கர்களின் பிளாட்டினம் தரச்சான்றைப் பெற்றது. அந்த நாட்டுக்கு வெளியே அதைப் பெற்ற முதற்கட்டடம் என்று பெருமையும் பேசப்பட்டது. பிறகு சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி போர்த்து எழுந்த அலுவலகங்கள் பலவற்றிலும் அத்தகைய சான்றிதழ்ப் பலகைகள் ஏறின. வெயில் கொளுத்துகிற ஊரில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியை நிறுத்தி, அதன் வழியே புகுந்த உஷ்ணத்தை வெளியேற்ற உயர்ந்த ரகக் குளிர்சாதனத்தைப் பூட்டி, அந்தச் சாதனம் சிறிது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறதென்று பட்டயமும் வாங்கிக்கொள்ளுகிற விநோதத்தைக் கண்ட சாமானியன், பசுமை என்பது கட்டி முடித்த வீட்டின்மேல் விலைகொடுத்து ஏற்றுகிற ஆபரணம் என்று முடிவு கட்டினால், அவன்மேல் குற்றம் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் கட்டட விஷயத்தில் பூமியைப் பேணுவதற்குப் பெரும்பாலும் எதையும் கூட்ட வேண்டியதில்லை, குறைத்தால் போதும். சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகை அளவுக்குச் சூடேற்றினால்தான் சிமெண்டின் கருப்பொருளான கிளிங்கர் உண்டாகிறது. அப்பொழுது எரிபொருளிலிருந்து வருவதைக் காட்டிலும் அதிகமான கரியமில வாயு அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது. மனிதர்களால் உலகத்தில் சேருகிற அவ்வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டின் கணக்கில் வருகிறது. அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கக் குழிகளையும் பாலாற்றில் மணல் போன பள்ளங்களையும் பார்த்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். சிமெண்டும் கம்பியும் மணலும் சூளைச் செங்கல்லும் லாரி வாடகையும் பூமிக்குப் பாரமாக இருப்பதைப் போலவே வீடு கட்டுகிறவனுடைய மடிக்கும் பாரமாக இருக்கின்றன. இவற்றைக் குறைக்கிற உபாயம் பணமுள்ளவனுக்கு மட்டுமே பொருந்தும், பணமில்லாதவனுக்குப் பொருந்தாது என்பது எந்த நியாய சாஸ்திரத்தைச் சேர்ந்ததோ, அறியேன்.

இதை வாதத்தோடு நிறுத்தாமல் கட்டிக் காட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் பிறந்து, தொழுநோயாளர்களுக்கான பணியின் பொருட்டு 1945-இல் இந்தியாவுக்கு வந்து, இமயமலையில் பித்தோராகட் பிரதேசத்து ஜனங்கள் தங்கள் காலடியில் கிடைத்த கல்லையும் மண்ணையும் கொண்டே குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கிற வீடுகளைக் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, கல்லூரியில் கற்ற கட்டட வித்தையை மீண்டும் அடியிலிருந்து கற்கத் தொடங்கியவர் அவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருள்களால் வீடு எழும்ப வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதை ஆயுள் முழுவதும் மறவாதவர். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறி, பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டினார். அதே நகரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் பேராசிரியர்களுக்கும் கட்டினார். மீனவனுக்கு ஒரு சாஸ்திரம், பேராசிரியருக்கு ஒரு சாஸ்திரம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் பரப்பிய இரண்டு முறைகளைப் பற்றிச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். முதலாவது எலிப்பொறிக் கட்டு. வழக்கம்போலச் செங்கல்லைப் படுக்கவைத்து அடுக்காமல், விளிம்பில் நிறுத்தி, இருபுறமும் ஒவ்வொரு கல்லும் இடையில் ஒரு வெற்றிடமும் வருமாறு ஒன்பது அங்குலச் சுவரை எழுப்புவது. அகலமும் உறுதியும் குன்றாமலே செங்கல்லில் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது, கலவையும் குறைகிறது, நடுவே அடைபட்ட காற்று, வெளிச்சூட்டை உள்ளே விடாமல் மறிக்கிறது. கல் ஒழுங்கான அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. இரண்டாவது ஃபில்லர் தளம். கான்கிரீட் நசுக்கும் விசையைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பியே ஏற்றுக்கொள்ள, அதைச் சூழ்ந்த கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமையாகத் தொங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே வார்த்துவிட்டால், சிமெண்டும் ஜல்லியும் மிச்சம், தளத்தின் எடை குறைவு, எடை குறைந்ததனால் கம்பியும் குறைவு. இவ்வளவு எளிய பெளதிகத்தை அறிவதற்குப் பிளாட்டினச் சான்று வேண்டியதில்லை. கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் பொருளியலறிஞர் கே. என். ராஜும் பேக்கரோடு சேர்ந்து 1985-இல் தோற்றுவித்த கோஸ்ட்ஃபோர்டு என்ற ஸ்தாபனம், அவர் 2007-இல் காலமான பிறகும் கேரளத்தில் இம்முறைகளால் ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் பக்கத்து நிலைமை என்ன? 2011-இல் தமிழ்நாட்டு அரசு பசுமை வீடு என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். கூரையில் சூரிய ஒளி விளக்குக்குத் தகடு. கடனில்லாமல் முழுச் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டது பாராட்டுக்குரியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டால் கீழே எஞ்சுவது எந்தத் தொகுப்பு வீட்டிலும் காணுகிற அதே செங்கல்லும் அதே கான்கிரீட்டுந்தான். 2024-இல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடியாக வளர்ந்து, தொகை 3.5 லட்சமாக உயர்ந்தது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமே வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. ஆட்சிகள் மாறினாலும் தளம் மாறுவதில்லை.

எதிர்த்தரப்பில் மரியாதைக்குரிய வாதம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது தீயைப் பற்றிய பயம். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்ட 44 உயிர்கள் நெருப்புக்கு இரையாக்கப்பட்டன. 2004-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. இவற்றுக்குப் பிறகு சேரியில் வாழ்கிற ஒருவர், "எனக்குத் தீப்பிடிக்காத வீடு வேண்டும், மேல்தெருக்காரர் வீட்டைப் போன்ற வீடு வேண்டும்" என்றால், அவருக்கு ஓலையின் குளிர்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவன் மூடன். மூடன் என்பதற்கும் கொஞ்சம் மேலே. நகரத்திலிருந்து வந்து மண்வீட்டின் அழகில் சொக்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, இரவானதும் குளிர்சாதன அறைக்குத் திரும்புகிற ரசிகர்களால் இந்த முறைகளுக்கு நேர்ந்த கேடு, சிமெண்டு வியாபாரிகளால்கூட நேர்ந்ததில்லை.

ஆனாலும் நியாயமான இந்தப் பயத்தைக் காட்டி, கீற்றையும் கட்டுமண்ணையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஏற்கத்தக்கதன்று. ஆரோவில் மண் கட்டுமானக் கழகம் 1989 முதல் செய்துவருவதைப் பாருங்கள்: அவ்விடத்துச் செம்மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்டு கலந்து, கையால் இயங்கும் அழுத்து இயந்திரத்தில் வார்த்து, சூளையில் வைக்காமல், ஈரம் காயாதபடி நான்கு வாரம் பதப்படுத்தினால் கல் தயாராகிவிடுகிறது. அது எரியாது, மழையில் கரையாது, நான்கு நிலைக் குடியிருப்பைத் தாங்கி அங்கே நிற்கிறது. எல்லா மண்ணும் இதற்கு உதவும் என்று சொல்ல மாட்டேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலக் களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டு ஒத்துவராது. சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மண்ணைச் சோதித்து முறையைத் தேர்வது பொறியாளரின் தர்மம். மாநிலம் முழுவதற்கும் ஒரே நகலை அச்சடித்து அனுப்புவதற்கு அந்தப் படிப்பு எதற்கு?

கான்கிரீட் தளத்தின் செலவு சாவி கொடுக்கிற அன்றோடு தீர்ந்துவிடுவதுமில்லை. நான்கு அல்லது ஐந்து அங்குலத் தளம் சித்திரை வைகாசியில் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கீழே உமிழ்கிறது. முன்னோர் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். வேலூரில் இன்றும் அத்தகைய பழைய மச்சுக்கள் நிற்கின்றன. எஸ்டிமேட்டில் பணம் போதவில்லை என்றால் முதலில் அடிபடுவது அந்த ஜல்லிப் படுக்கைதான். அதற்குப் பிறகு மின்விசிறிக் கட்டணத்தையும், தூக்கம் கெட்டு மறுநாள் வேலைக்குப் போகிற சிரமத்தையும் குடியிருப்பவர் ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. இந்தத் தொகையை மலிவு வீட்டின் விலையில் சேர்த்துக் கூட்டிய அதிகாரி எவரையும் நான் கண்டதில்லை.

அப்படியானால் இந்த அபிப்பிராயம் ஏன் சாகவில்லை? கட்டடச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிற கட்டடக்கலைஞனுக்கும் ஒப்பந்தக்காரனுக்கும் செலவு குறைவதால் லாபமில்லை. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் இல்லாத முறையை எஸ்டிமேட்டில் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும், எழுதாவிட்டால் வராது. கொத்தனாருக்குத் தெரியாது என்கிறார்கள். பேக்கர் தாமே வேலைத்தலத்தில் நின்று, கிடைத்த காகிதத் துண்டுகளில் வரைந்து காட்டித்தான் மேஸ்திரிகளைப் பழக்கினார். ஆக, அறியாமை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி வசதியான அறியாமை.

குடியிருப்பவர்களுடைய கூச்சமோ வேறு வகை. தமக்குக் கொடுக்கப்படுவது இரண்டாந்தரச் சரக்கு என்ற அவர்களுடைய சந்தேகம், அனுபவத்தில் பிறந்த சந்தேகம். அதை உபதேசத்தால் போக்க முடியாது. ஆகையால் சர்க்காருக்கு மெய்யாகவே எண்ணமிருந்தால், அடுத்த வருஷத்து நிதி ஒதுக்கீட்டில் தாசில்தாருக்கும் நிர்வாகப் பொறியாளருக்கும் எழுப்புகிற குடியிருப்புக்களை எலிப்பொறிக் கட்டிலும் அழுத்திய மண்கல்லிலும் ஃபில்லர் தளத்திலும் கட்டி, அவர்களை ஒரு கோடைகாலம் அதில் வசிக்கச் செய்து, அதன் செலவுக் கணக்கைப் பழைய எஸ்டிமேட்டோடு சேர்த்து ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும்.