இடம் மாறிய ஓசோன்

ஓசோன் என்றதும் வானில் நம்மைக் காக்கும் கூரையே நினைவுக்கு வரும். கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிற்கும் அந்த வாயு அல்லாஹ்வின் அருட்கொடை. அதே வாயு நாம் மூச்சு விடும் உயரத்தில் உருவானால் நஞ்சு. ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதே ‘ளுல்ம்’ என்னும் அநீதி என்று மார்க்க அறிஞர்கள் விளக்குவர். தரைமட்ட ஓசோனுக்கு இவ்விளக்கம் முற்றிலும் பொருந்தும்.

வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல் முதலியவற்றின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து இதனை உண்டாக்குகின்றன. ஆகவே லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில் இது மிகும். நெரிசலான சாலையில் புதிய புகையே இதில் ஒரு பகுதியை அழித்துவிடுவதால், நகரைவிட அதற்கு அப்பாலுள்ள வெளிகளில் கூடுதலாகச் சேர்வதுண்டு. தென்மேற்குக் காற்று வீசும் நாள்களில் திருச்சியின் புகை காவிரியைத் தாண்டிச் செல்லும் திசையில்தான் திருவரங்கத் தீவும் கொள்ளிடக் கரையின் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன.

இலைத்துளை வழியே நுழையும் ஓசோன் உயிரணுக்களைச் சிதைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. ஐரோப்பியப் புல்வெளி ஆய்வுகளில், புற்களைவிடக் குளோவர் போன்ற பயறு இனச் செடிகளே விரைவில் நலிவது தெரிந்தது. மண்ணுக்குத் தழைச்சத்தும் கால்நடைகளுக்குப் புரதமும் தருபவை அவையே. பார்வைக்குப் புல்வெளி பச்சையாகவே இருக்கும். மேயும் ஆட்டுக்கோ ஊட்டம் குறைந்திருக்கும். பயிர்களும் தப்புவதில்லை. 2005ஆம் ஆண்டில் ஓசோனால் இந்தியா இழந்த அரிசி ஏறத்தாழ 21 இலட்சம் டன், கோதுமை 35 இலட்சம் டன் என்று புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

ஒருவர் நட்ட பயிரிலிருந்து பறவையோ விலங்கோ உண்பதும் அவருக்குத் தர்மமாகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவ்வாறெனில், அப்பயிரை நலியச் செய்வது எந்தக் கணக்கில் சேரும்? ‘என் ஒரு வண்டியால் என்ன?’ என்பது விடையாகாது. ஜும்ஆவுக்கு ஒரே தெருவிலிருந்து பத்து வண்டிகள் புறப்படத்தான் வேண்டுமா? பள்ளிவாசலுக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்பதை நாம் அறிவோம். புகை கக்கும் வண்டியைச் சீர்செய்வதும், குப்பையை எரிக்காதிருப்பதும் அமானிதம் பேணுவதே.

அண்டை வீட்டாரின் உரிமை சுவரோடு முடிவதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் மாடு வளர்ப்பவர் எச்சமயத்தவராயினும் நம் அண்டை வீட்டாரே. நம் புகை அவருடைய புல்லைத் தொடுகிறது. வாயில்லா உயிர்களின் உணவில் அநீதி இழைக்காதோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.