எழுதித் தராதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சோலாருக்காக நகையை அடகு வைக்க முன்னர் வாசித்துவிடுங்கள்.

நம்ம பாமன்கடையில் இப்போது வீட்டுக்கு வீடு சோலார் கதைதான். குறை சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். பிறகு குறைத்தார்கள், 2025 ஜூனில் திரும்பவும் 15 வீதம் ஏற்றினார்கள். யாருக்குத்தான் பயம் வராது? அந்தப் பயத்தை வைத்துத்தான் சிலர் வியாபாரம் செய்கிறார்கள்.

என்னிடம் படிக்கும் பிள்ளையின் உம்மா ஒருவர் மூன்று கொட்டேஷனோடு வந்தார். "சேர், இதில எது மலிவு?" என்று கேட்டார். மூன்றிலும் மொத்தத் தொகை மட்டும் பெரிய எழுத்தில். ஒன்றில் பேனல் என்ன பிராண்ட் என்றே இல்லை. இன்னொன்றில் இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று இல்லை. மூட்டையில் எத்தனை கிலோ என்று தெரியாமல் அரிசி விலையை ஒப்பிடுவோமா?

மூன்றிலும் பேட்டரி இருந்தது. "பேட்டரி போட்டால்தான் பில் குறையும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இது தவறு. நெட் மீட்டரிங் முறையில் பகலில் நீங்கள் லைனுக்கு அனுப்பும் யூனிட், இரவில் பாவிப்பதில் கழியும். மிச்சம் அடுத்த மாதக் கணக்குக்குப் போகும். அங்கே பில் குறைய பேட்டரி தேவையில்லை.

பேட்டரி முக்கியமாக கரண்ட் போகும் நேரத்துக்கு. 2025 பெப்ரவரி 9 பகலில் நாடு முழுக்க கரண்ட் போனது ஞாபகமா? கூரையில் பேனல், வானத்தில் வெயில், ஆனால் பேட்டரி இல்லாத சோலார் வீடுகளில் ஃபேன் சுற்றவில்லை. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சாதாரண இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக் கூடாதே.

சரி, பேட்டரி வேண்டும் என்றே வையுங்கள். "200 ஏ.எச். பேட்டரி இரண்டு" என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரி இரண்டிலும் சேர்த்து 4.8 யூனிட்தான். பழைய ஈய வகையென்றால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் பழுதாகும். ஆக, கைக்கு வருவது 2.4 யூனிட். லித்தியம் வகையில் 80, 90 வீதம் வரை பாவிக்கலாம். விலையை அந்தப் பாவிக்கக்கூடிய யூனிட்டால் பிரித்துப் பாருங்கள். எது மலிவு என்று அப்போது தெரியும்.

இன்னொன்று, நிழல். பக்கத்தில் அபார்ட்மெண்ட் எழும்பிய வீட்டுக்கும் திறந்த கூரைக்கும் மாதம் ஒரே யூனிட் வருமா? கூரையில் ஏறிப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்புகிறவரை எப்படி நம்புவது?

"நம்ம ஆள்தானே, எப்படிக் கேட்கிறது?" என்கிறீர்கள். நம்ம ஆள் என்றால் எழுதித் தர ஏன் தயங்க வேண்டும்? அளவையில் மோசம் செய்வது மார்க்கம் கடுமையாகக் கண்டித்த விடயம். அளவைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நம் உரிமை.

பேனல், இன்வெர்ட்டர், உத்தரவாதம், பாவிக்கக்கூடிய பேட்டரி யூனிட், நிழலைக் கழித்த மாத உற்பத்தி. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் ஒரே கேள்வியாக அனுப்புங்கள். அந்த உம்மா அனுப்பினார். இருவர் திருத்தி அனுப்பினார்கள். ஒருவர் இன்னும் போனை எடுக்கவில்லை.