வெள்ளியைச் செய்யும் ஆலை பூமியில் இல்லை



திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் கங்கைகொண்டான் இருக்கிறது. புள்ளிமான் சரணாலயம் உள்ள ஊர். அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில், டாடா பவர் குழுமத்தின் ஆலை ஒன்று சூரிய மின்கலங்களையும் அவற்றைக் கோத்த தகடுகளையும் செய்கிறது. ஆண்டுக்கு 4,300 மெகாவாட் அளவுக்குச் செய்யக்கூடிய பெரிய ஆலை அது.

அப்படி ஒரு தகட்டில் என்னென்ன இருக்கின்றன? சிலிக்கன், கண்ணாடி, அலுமினியச் சட்டம், செம்புக் கம்பி, மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள். ஆலை இவற்றைச் சேர்த்து இணைக்கிறது. ஆனால் சிலிக்கனையும் வெள்ளியையும் முதன்முதலில் உண்டாக்கிய ஆலை எது?

வானத்தைப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

நமது சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன், அணுக்கரு இணைவினால் ஹீலியமாக மாறுகிறது. அதில் சுமார் 40 லட்சம் டன் பொருள் ஆற்றலாகிவிடுகிறது. தகட்டின் மேல் விழும் வெயில் அதுதான். இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சூரியன் ஹீலியத்தைக் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றும். அதற்கு மேல் போக அதற்கு வலுவில்லை.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்களால் மேலே போக முடியும். கார்பன் எரிந்து நியான், மக்னீசியம், சிறிது அலுமினியம். பிறகு சுமார் 200 கோடி டிகிரியில் ஆக்சிஜன் எரிந்து சிலிக்கன். கடைசியில் சிலிக்கனும் எரிந்து இரும்புக் கூட்டத்துத் தனிமங்கள். இரும்போடு இந்தப் பயணம் நின்றுவிடுகிறது. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது; நாம்தான் கொடுக்க வேண்டும். எனவே விண்மீனின் அடுப்பு அணைகிறது, மையம் சரிகிறது, விண்மீன் வெடித்துச் சிதறுகிறது.

அப்படியானால் இரும்பைவிடக் கனமான வெள்ளி எப்படி வந்தது? அணுக்கருக்கள் நியூட்ரான்களை விழுங்கி விழுங்கி வளர்ந்ததால் வந்தது. வெள்ளியின் பெரும்பகுதிக்கு, கண நேரத்தில் கொட்டும் நியூட்ரான் மழை தேவைப்பட்டது. நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதும்போது அத்தகைய மழை பெய்யும். 2017 ஆகஸ்டு 17-இல் அப்படி ஒரு மோதலின் ஈர்ப்பு அலைகள் பதிவாயின. கனமான தனிமங்கள் பிறந்ததற்கான அடையாளம் அதன் ஒளியில் தெரிந்தது. விண்மீன்களில் தனிமங்கள் பிறக்கும் இந்த வரலாற்றை 1957-இல் விரிவாக எழுதிய நால்வரில் ஒருவர் வில்லியம் ஃபௌலர். 1983-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவரும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரும் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது தாமிரபரணிக் கரைக்கு வாருங்கள். ஒரு பிடி மணலை அள்ளினால் கை நிறையச் சிலிக்கன் இருக்கும். பூமியின் மேலோட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதுதான். வெள்ளியோ, ஒரு டன் பாறையில் சராசரியாகக் கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூமி உருவானபோது நடந்த மாற்றங்களும் இதற்குக் காரணம். ஆனால் முதல் காரணம் விண்மீன்களே. இரும்புக்கு முந்தியவை தாராளம், பிந்தியவை அபூர்வம். பழைய இரும்புக் கடையில் இரும்புக்கு ஒரு விலை, செம்புக்கு வேறு விலை என்கிறார்களே, அதற்கும் வானத்தில் ஒரு காரணம் உண்டு!

"விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதே, வெள்ளியை நாமே செய்யலாமே?" என்று கேட்பீர்கள். கூடங்குளம் அணு உலையில் யுரேனியம் பிளந்து வேறு தனிமங்கள் பிறக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் பல கதிரியக்கம் உள்ளவை. அவற்றைத் தொட்டுப் பிரித்து மின்கலத்தில் பூச முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான். சூரியத் தகடு நமக்கு அவசியம். அது இன்னும் பெருகட்டும். ஆனால் ஒரு தகடு சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். பிறகு? பல இடங்களில் அலுமினியச் சட்டத்தைக் கழற்றி விற்றுவிட்டு, வெள்ளி ஒட்டிய கண்ணாடியை உடைத்துக் கொட்டிவிடுகிறார்கள். 2022-இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் சேர்த்துக்கொண்டன. அது நல்ல தொடக்கம். விதி மட்டும் போதாது. தகடு செய்யும் ஊருக்குப் பக்கத்திலேயே தகட்டைப் பிரிக்கும் தொழிலும் வளர வேண்டும்.

"அதற்குச் செலவு அதிகம், கிடைக்கும் வெள்ளியோ கொஞ்சம்" என்பார்கள். இன்றைய கணக்கில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகளை நினைத்துப் பாருங்கள். துருப்பிடித்தாலும் அந்த இரும்பு அணுக்கள் அழியவில்லை. அணுக்கள் அழிவதில்லை, சிதறித்தான் போகின்றன. சிதறியதை மீண்டும் பொறுக்குவதுதான் பெரிய செலவு.

உங்கள் வீட்டு அலமாரியில் பழுதான கைப்பேசி ஒன்று கிடக்கலாம். அதிலும் வெள்ளி உண்டு, தங்கம் உண்டு. குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன், அதைப் பிரித்தெடுக்கும் இடத்துக்கு எப்படி அனுப்பலாம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தேடுங்கள்.