செத்தது பெட்டிதான், கார் அல்ல

போன மாதம் எங்கள் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பழைய பென்ஸ் காரின் தொலைபேசியை மறுபடி பேச வைத்தோம். 1990களின் ஆரம்பத்து வாகனம். ஊரில் ஒரு வியாபாரிக்கு அவருடைய வாப்பா விட்டுப்போனது. இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில், சுருட்டை வயரோடு, கறுப்பு ரிசீவர் ஒன்று வருடக்கணக்கில் சும்மா கிடந்தது.

ஆசிரியர் அறையில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான்: "சேர், உங்களுக்கு வேற வேலை இல்லையா? அதைக் கழற்றி எறிஞ்சிட்டு ஒரு போன் ஹோல்டரை வாங்கி ஒட்டினா முடிஞ்சுது." எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும்தான் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் எண்ணம் பிழையானது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

அந்தத் தொலைபேசி பழுதாகிச் சாகவில்லை. அதை நாங்கள் திறந்து பார்த்தோம். சர்க்கிட்டில் ஒரு கருகல் கூட இல்லை. 1989இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. அன்றைய சேவை அனலாக். 1995இல் டிஜிட்டல் ஜிஎஸ்எம் வந்தது. பிறகு அனலாக் நிறுத்தப்பட்டது. டிக்கிக்குள் இருக்கும் பெட்டி இன்றும் அழைக்கத் தயார்தான், பதில் சொல்லத்தான் கோபுரம் இல்லை. நல்ல கருவியை அநாதையாக்கி விட்டு, அதற்குப் பெயர் "பழசு".

இது எங்கள் நாட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் ஒன்ஸ்டார் என்று ஒரு வசதி இருந்தது. விபத்தில் காற்றுப்பை வெடித்தால் வண்டியே உதவி மையத்தை அழைக்கும். பழைய மாடல்களில் அது அனலாக் வலையமைப்பை நம்பியிருந்தது. கம்பனிகள் அனலாக் சேவையைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை நீக்குவதாக அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2002இலேயே முடிவெடுத்தது. 2008 பெப்ரவரி 18தான் கடைசி நாள். அந்த முடிவுக்குப் பிறகும் அனலாக் மட்டும் தெரிந்த கருவியோடு கார்கள் விற்கப்பட்டன! 2007 முடிவோடு அந்தக் கார்களுக்கான சேவை நின்றது. பலருக்கு மாற்றுக் கருவி கூடக் கிடையாது. வழக்குப் போட்டார்கள். 2022இல் அங்கே 3ஜி மூடப்பட்டபோது வேறு கம்பனிகளின் கார்களுக்கும் அதே கதி.

ஒரு கார் இருபத்தைந்து வருடம் ஓடும். எங்கள் நாட்டில் நாற்பதும் ஓடும். ஒரு வலையமைப்பு பதினைந்து, இருபது வருடத்தில் போய்விடும். இது தெரியாமலா கம்பனிக்காரர் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தார்கள்? தெரிந்துதான். அவர்களுக்கு முதல் சொந்தக்காரன் முக்கியம். மூன்றாவது, நான்காவது சொந்தக்காரன் யார்? நாங்கள்தான்.

சரி, வேலைக்கு வருவோம். அந்தப் பென்ஸில் எங்களுக்கு அதிர்ஷ்டம் என்னவென்றால் எல்லாம் சாதாரண செப்பு வயர். ரிசீவருக்குள் மலிவான புளூடூத் ஹெட்செட் ஒன்றின் சர்க்கிட்டை வைத்தோம். பழைய மைக் அதற்கு ஒத்து வரவில்லை, புதியதைப் பொருத்தினோம். காதில் கேட்கும் ஸ்பீக்கர் அப்படியே பழையதுதான். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக இறக்க ஒரு சிறிய கருவி, அதற்கு முன்னால் ஒரு பியூஸ். (பியூஸ் இல்லாமல் காரில் கை வைக்கும் பிள்ளையை நாங்கள் வெளியே அனுப்பிவிடுவோம்.)

சிக்கியது ஓர் இடத்தில். ரிசீவரைத் தூக்கினால் தாங்கியில் உள்ள சுவிட்ச் விடுபடும். தூக்கியிருக்கும் வரை அப்படியே நிற்கும். புளூடூத்துக்கோ ஒரு தட்டு போதும். எடுக்க ஒரு தட்டு, வைக்க ஒரு தட்டு. அமர்த்தியபடியே இருந்தால் அது வேறு எதையோ செய்யும். இரண்டு நாள் மண்டையை உடைத்தோம். கணக்கில் எப்போதும் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளைதான் ஆடுயினோ ஒன்றைக் கொண்டு வந்து, "சேர், சுவிட்ச் மாறும்போது மட்டும் ஒரு தட்டு அனுப்பச் சொல்வோம்" என்றான். இருபது வரி கூட இல்லாத நிரல். சொந்தக்காரரின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. அவர் வாப்பாவின் ரிசீவரைத் தூக்கி "ஹலோ" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூல வயர் ஒன்றைக் கூட வெட்டவில்லை. டிக்கிப் பெட்டியை அப்படியே விட்டோம். கை வைத்தாலே பழமை கெட்டுப்போகும் என்று சொல்லும் சேகரிப்பாளர்களுக்கும் இதுதான் பதில். பிடிக்காவிட்டால் அரை மணித்தியாலத்தில் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

ஆனால் இதே வேலையை அதே கம்பனியின் பத்து வருடம் புதிய காரில் செய்ய முடியுமா? 1990களின் இறுதியில் இருந்து அவர்களது கார்களில் ரேடியோ, தொலைபேசி, சீடி பெட்டி எல்லாம் ஓர் ஒளிநார் வளையத்தில் கோத்திருக்கும். ஒளி ஒரு பெட்டிக்குள் போய், வெளியே வந்து, அடுத்ததற்குப் போகும். செத்துப்போன தொலைபேசிப் பெட்டியைக் கழற்றினால் வளையம் அறுந்து, உயிரோடிருக்கும் ரேடியோவும் ஊமையாகிவிடும். அதற்கென்று ஒரு சிறிய வளைப்பு இணைப்பானைத் தேடிச் செருக வேண்டும். "கழற்றி எறிஞ்சா முடிஞ்சுது" என்றவர்கள் ஒருமுறை கழற்றித்தான் பார்க்கட்டுமே!

எங்கள் ரீகண்டிஷன் வாகனங்களைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு ஜப்பான் பெண் ஏதோ சொல்வாள். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லையாம்! பத்து வருடமாகக் கேட்கிறோம். வரைபடத்தில் கொழும்பு கிடையாது. ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நாங்கள் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற குட்டிப் பெட்டியை அன்டெனா வயரில் செருகி எங்கள் செய்தியைக் கேட்கிறோம். அது மட்டும் என்ன, பழைய கருவிக்கு உயிர் கொடுக்கும் வேலை இல்லையா? அதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதில்லை. கராஜ் பாஸ் செய்தால் வேலை, பாடசாலைப் பிள்ளை செய்தால் விளையாட்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டியைத் தட்டித் திருத்தித்தான் இந்த நாடு ஓடியது. இப்போது வருகிற வண்டிகளில் திரையும் சிம்மும் உள்ளேயே ஒட்டியிருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் மைலேஜையும் நிறத்தையும் கேட்கிறீர்கள். இதையும் கேளுங்கள்: இந்தச் சிம் செத்தால் வேறென்ன எல்லாம் அதோடு சாகும்? திரையை மட்டும் தனியே மாற்ற முடியுமா? விற்பவர் விழித்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

எங்களுக்கு அடுத்ததாக ஒளிநார் வளையம் உள்ள ஒரு கார் வருகிறது, 2000ஆம் ஆண்டு வண்டி. வளைப்பு இணைப்பான் ஒன்று தேவை. யாருடைய கராஜ் தட்டிலாவது கிடந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளைகளோடு வந்து எடுத்துக்கொள்கிறோம்.