பாலமும் பெயரும்

தமிழ் பயிலும் மாணாக்கர் கணினியைக் குறித்து இம்மலரில் எழுதப் புகுந்தது என்னை எனச் சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. எனினும், ஒரு நூலை எவர் இயற்றினார், எவர் படியெடுத்தார், எவர் திருத்தினார், எத்திருத்தம் முந்தியது, எது பிந்தியது என ஆராய்தல் எம் பாடத்தின் ஒரு பகுதியன்றோ? அவ்வாராய்ச்சிக்கு வேண்டும் குறிப்புகளை மென்பொருள் செய்வோர் நாடோறும் எழுதி வைத்து வருகின்றனர். அவர்தம் குறிப்பேடுகள் இருவேறு வகையினவாய் இருத்தலையும், அவ்விரண்டிற்கும் இடையே அமைந்த ஒரு பாலத்தின்வழி யாம் சென்றதையும், சென்றவிடத்து யாம் இழைத்த பிழையையும், அதனின்று யாம் கொண்ட கருத்தையும் ஈண்டு உரைப்போம்.

மென்பொருள் என்பது பல்லாயிரம் வரிகளாலாகிய எழுத்து. பலர் கூடி அதனை எழுதுவர், பலகாலும் திருத்துவர். ஒருவர் செய்த திருத்தத்தை மற்றொருவர் அறியாது அழித்துவிடாமற் காத்தற்கும், இன்ன வரி இன்ன நாளில் இன்னாரால் இன்ன காரணம் பற்றி மாற்றப்பட்டது எனப் பின்வருவோர் அறிதற்கும், ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசைப்படப் பதிந்து வைக்கும் களஞ்சியம் ஒன்று வேண்டும். அதற்கென ஏற்பட்ட முறைகளுள் பெயர் பெற்றவை இரண்டு. சப்வெர்ஷன் ஒன்று; கிட் மற்றொன்று.

சப்வெர்ஷன் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2004-இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. அதன்கண் களஞ்சியம் ஒன்றே. அஃது ஓரிடத்தில் இருக்கும். பதிவு செய்ய விழைவோர் அவ்விடத்தோடு தொடர்பு கொண்டே செய்தல் வேண்டும். பதிவுகள் 1, 2, 3 என ஏறுமுகமாக எண் பெறும். ஊர்க் கணக்கேடு கணக்குப்பிள்ளையின் வீட்டில் மட்டும் இருப்பதை இஃது ஒக்கும். கிட் என்பதோ, லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் லினக்ஸ் பணியின்பொருட்டு 2005 ஏப்ரலில் இயற்றத் தொடங்கியது. இதன்கண் பணிசெய்வோர் ஒவ்வொருவரிடமும் முழு ஏடும் இருக்கும். இணையத் தொடர்பின்றியே எத்தனை பதிவும் செய்துகொண்டு, வாய்த்தபொழுது பிறர் ஏட்டோடு இணைத்துக்கொள்ளலாம். பதிவின் உள்ளடக்கத்தினின்றே கணக்கிட்ட 40 எழுத்துக் குறி ஒன்று எண்ணுக்கு ஈடாக நிற்கும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்து, பெரும்பாலோர் கிட்டின் பக்கம் சேர்ந்துவிட்டனர். ஆயினும் எல்லாரும் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. கே.டி.ஈ. என்னும் கட்டற்ற மென்பொருட் குழுவினை நோக்குக. 1996-இல் தோன்றிய அக்குழு 2005-இல் சப்வெர்ஷனுக்கு வந்தது. 2009 ஜூலையில் அக்களஞ்சியம் 10,00,000-ஆவது பதிவினைக் கண்டது. பின்னர் மூலநிரல்கள் படிப்படியாகக் கிட்டுக்குப் பெயர்ந்தன. ஆனால் மொழிபெயர்ப்புகள் பல்லாண்டுகள் சப்வெர்ஷனிலேயே நின்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. மொழிபெயர்ப்போர்க்கு அதில் ஒரு நன்மையும் உண்டு. முழுக் களஞ்சியத்தையும் சுமவாது, தம் மொழிக்குரிய ஓர் அடைவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சப்வெர்ஷன் இடந்தரும். மூலநிரலினின்று மொழிபெயர்த்தற்குரிய தொடர்களைத் திரட்டி அங்குக் கொண்டுசேர்க்க ஸ்கிரிப்டி என்னும் ஏவல்நிரல் ஒன்றனை அக்குழுவினர் அமைத்துக்கொண்டனர். ஆகவே, தமிழில் மென்பொருள் வேண்டும் என்று முயல்வோர், தாம் கிட்டிலே பழகியிருப்பினும், சப்வெர்ஷனோடு உறவாட வேண்டிய நிலை ஏற்படுவது புதுமையன்று.

அங்ஙனம் உறவாடுதற்கு உதவும் பாலமே கிட்-எஸ்விஎன் எனப்படுவது. எரிக் வோங் என்பவர் இயற்றிய இக்கருவி 2006 முதற்கொண்டு கிட்டுடன் வருகின்றது. அக்கரையிலுள்ள சப்வெர்ஷன் களஞ்சியத்தை இது கிட் ஏடாகப் படியெடுத்துத் தரும். களஞ்சியம் பெரிதாயின், முதற்பதிவிலிருந்து அன்றி நாம் குறிக்கும் எண்ணிலிருந்து தொடங்குதலும் கூடும். பிறர் செய்த புதுப்பதிவுகளைப் பெற்று, நம் பதிவுகளை அவற்றின்மேல் அடுக்கி வைத்தற்கு ரீபேஸ் என்னும் ஆணை உண்டு. அடுக்கியவற்றை ஒவ்வொன்றாக அக்கரையில் ஏற்றுதற்கு டிகமிட் என்னும் ஆணை உண்டு. கிட்டிலே கிளைகளைப் பின்னிப் பிணைத்தல் எளிது. சப்வெர்ஷனோ நேர்வரிசையையே எதிர்பார்க்கும். எனவே, ஏற்றக் கருதிய கிளையில் பின்னலின்றி நேர்க்கோடாகவே பணிசெய்க என்று அக்கருவியின் கையேடு அறிவுறுத்துகின்றது. விருந்தாகச் சென்ற வீட்டின் வழக்கத்தை மதித்தல் போன்றது அது.

எம் ஊர் அவிநாசிக்கு வடக்கே உள்ள சேவூர். வாலீசுவரர் கோயிலும் நிலக்கடலை ஏலமும் பற்றி அதனை அறிவார் பலர். பனியன் கம்பெனி வண்டிகள் விடியுமுன்னே ஆள் ஏற்றிச் செல்லும் ஊர் எனவும் அறிவர். சென்ற கோடை விடுமுறையில் யாம் அங்கிருந்தபடியே ஒரு கூட்டத்தாரின் தமிழாக்கப் பணியிற் சேர்ந்தோம். அவர்தம் களஞ்சியம் சப்வெர்ஷனில் இருந்தது. பதிவேற்றும் உரிமை எமக்கு அளிக்கப்பட்டது. மழைக்காற்று வீசினால் எம் தெருவில் இணையத் தொடர்பு அறுந்துவிடும். பாலம் இருந்தமையால் தொடர்பற்ற பொழுதும் பணி நின்றிலது. இக்கருவியை யாம் பழிப்பதாக எவரும் கருதற்க. அஃதின்றேல் எம் பணி பாதியில் நின்றிருக்கும்.

எம்மோடு உழைத்தவர் எம் தெருவில் வாழும் அண்ணன் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்போடு கல்வியை நிறுத்திப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். இரவில் வீடு திரும்பிப் பழைய மடிக்கணினி ஒன்றில் மொழிபெயர்ப்பார். ‘பண்டில்’ என்னும் சொல்லுக்கு யாம் அகராதி புரட்டிக்கொண்டிருந்தபொழுது, ‘கட்டு’ என ஒரு சொல்லில் முடித்தவர் அவரே. அவர்க்குப் பதிவேற்றும் உரிமை இல்லை. ஆதலின் அவருடைய 19 பதிவுகளையும் எம் ஏட்டிற் பெற்று, வரிசைப்படுத்தி, டிகமிட் ஆணையால் ஏற்றினோம். ஏற்றம் இனிதே முடிந்தது. மறுநாள் அக்கூட்டத்தார் எம்மைப் பாராட்டி மடல் விடுத்தனர். அதனைப் படித்த பின்னரே யாம் பதிவேட்டை நோக்கினோம். 19 பதிவுகளும் எம் பெயரில் இருந்தன.

இது நேர்ந்தவாறு யாங்ஙனம்? கிட் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பெயர்களைக் குறிக்கும்: எழுதினோர் பெயர் ஒன்று, ஏட்டில் ஏற்றினோர் பெயர் மற்றொன்று. பலர் விடுக்கும் திருத்தங்களைச் சிலர் ஏற்கும் லினக்ஸ் பணியிற் பிறந்த கருவியாதலின் இவ்வேறுபாடு அதற்கு இன்றியமையாதது. சப்வெர்ஷனோ ஒரு பெயரையே குறிக்கும். அஃது ஏற்றுவோர் கணக்கின் பெயர். இரண்டு பெயர் கொண்ட சரக்கு ஒரு பெயர்க்கே இடமுள்ள வாயிலிற் புகும்பொழுது, எழுதினோர் பெயர் வெளியே நின்றுவிடுகின்றது. அவ்வளவோடும் அமையவில்லை. ஏற்றிய பதிவுகளைப் பாலம் மீண்டும் அக்கரையினின்று பெற்று, அடையாள வரி ஒன்றைச் சேர்த்துப் புதுக்குறியோடு எம் ஏட்டில் வைக்கின்றது. அதனால் எம் கிளையிலும் அவர் பெயர் மறைந்து எம் பெயரே நின்றது. அவர் பெயர் தெளிவாக எஞ்சியிருந்தது அவருடைய பழைய மடிக்கணினியில் மட்டுமே.

நாணத்தோடு யாம் சென்று உரைத்தபொழுது அவர் நகைத்தார். “இருக்கட்டும் தம்பி, நாந் தெக்கிற பனியன்லெல்லாம் என்ற பேரா போட்டிருக்குது?” என்றார்.

அச்சொல் எம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. உண்மையே, ஆடையின் கழுத்தில் தைக்கும் லேபிளில் வாங்கும் கம்பெனியின் பெயர் இருக்கும், தைத்தவர் பெயர் இராது. துணி நெய்தோர், சாயமிட்டோர், வெட்டினோர், தைத்தோர், பிசிறு பார்த்தோர் ஆகிய எவர் பெயரும் கடல் கடப்பதில்லை. வாணிகத்தின் வழக்கம் அது எனலாம். ஆனால் தமிழாக்கப் பணியில் கூலி இல்லை, லாபம் இல்லை, உழைத்தவர்க்கு உரிய ஒரே ஊதியம், இதனை இவர் செய்தார் என்னும் ஒரு வரி. அதனையும் யாம் அறியாமையால் எடுத்துக்கொண்டோம். கல்லூரி மாணவர் பெயரின்கீழ்த் தையற்காரர் உழைப்பு மறைவது தற்செயலாக நேர்ந்ததேயாயினும், நெடுநாளாக எங்கும் நடந்துவரும் ஒன்றன் சாயலே அதில் உள்ளது.

கருவி குற்றமற்றது என்பதை ஈண்டுத் தெளிவுற மொழிதல் வேண்டும். ஏற்றுங்கால் எழுதினோர் பெயரைக் குறிப்புரையின் இறுதியில் ஒரு வரியாகச் சேர்க்க ஆட்-ஆதர்-ஃப்ரம் என்னும் ஏற்பாடும், திரும்பப் பெறுங்கால் அவ்வரியைப் படித்து எழுதினோர் பெயரை மீட்க யூஸ்-லாக்-ஆதர் என்னும் ஏற்பாடும் அதன்கண் உள்ளன. இரண்டும் நாம் கேட்டாலன்றி நிகழா, யாம் கேட்டிலோம். மற்றொன்றும் கூறுவோம். அக்கரையினின்று வரும் கணக்குப் பெயர்களுக்குரிய முழுப்பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பாலத்திற்கு நாம் கொடுத்தால், பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று எதிர்ப்படும் கணமே அது மேலே செல்லாது நின்றுவிடும். இன்னார் எவர் எனச் சொல்லுக என்று அது கேட்பதாக எமக்குத் தோன்றுகிறது. வரும் வழியில் பெயர்களை அத்துணைக் கருத்தாகக் கேட்ட பாலத்தைப் பயன்படுத்திய யாம், போகும் வழியில் ஒரு பெயரைக் குறித்துக் கவலையுற்றிலோம்.

ஏறிய பதிவின் குறிப்பைச் சப்வெர்ஷனில் மாற்றுதல் களஞ்சியக் காவலர் சிறப்பாக இசைந்தாலன்றி இயலாது. ஆகையால், மொழிபெயர்ப்புக் கோப்புகளின் தலைப்பில் அண்ணன் பெயரைச் சேர்த்து, முந்தைய 19 பதிவுகளும் அவர் இயற்றியவை என எண் குறித்துப் புதுப்பதிவு ஒன்றை ஏற்றினோம். பாராட்டு மடல் விடுத்தார்க்கும் உண்மையை எழுதினோம்.

கோப்பின் தலைப்பில் பெயர் இருந்தாற் போதாதோ, பதிவுதோறும் எதற்கு என்பார் உளர். தலைப்பு, பணியிற் கூடினோர் யாவர் எனக் காட்டும். எந்தச் சொல்லை எவர் இட்டார் எனக் காட்டாது. நாளை ஒருவர் ‘கட்டு’ என்னும் சொல்லை மாற்றக் கருதின், அதன் காரணத்தை எவரிடம் கேட்பது? எம்மிடம் கேட்டால் யாம் அறியோம். எல்லாரும் கிட்டுக்கே பெயர்ந்துவிட்டால் இத்தொல்லை இல்லையே என்பாரும் உளர். பெயர்தல் நன்றாகவே இருக்கலாம். ஆயினும் பல்லாண்டாக ஒரு முறையிற் பழகித் தொண்டாற்றி வருவோரை, நமக்கு எளிதன்று என்பது பற்றி இன்றே பெயர்க எனல் முறையன்று. பெயருங் காலத்தும் இதே பாலத்தின் வழியாகவே பழைய பதிவுகளைக் கொண்டுவருதல் பலர்க்கு வழக்கம். அன்றும் பெயர்களைக் காக்கும் கடமை நீங்காது.

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டபொழுது, ஓலையினின்று காகிதத்திற்குப் பாலம் அமைத்தார். தமக்கு ஏடு உதவியோரின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் அவர் நன்றியோடு குறித்துள்ளார். நூலகத்தில் அப்பக்கங்களை விரைந்து புரட்டிப் பாடலுக்குச் செல்லுதல் எம் வழக்கமாக இருந்தது. இவ்வாண்டு அவற்றை நின்று படித்தோம்.

மாணவ நண்பர்களே, நும்முட் பலர் இனி இத்தகைய பணிகளிற் புகுவீர். இருவேறு முறைகளுக்கு இடையே நிற்கும் நிலை வந்தால், பாலத்தைக் கூசாமல் பயன்படுத்துக. ஆனால் ஏற்றுமுன் ஒருகணம் நின்று, இப்பாலம் எவற்றைக் கொண்டுசெல்லும், எவற்றை இக்கரையிலேயே விட்டுவிடும் என நோக்குக. நும்மோடு உழைத்தவர் பெயர் விடுபடுமாயின், அதனை நும் கையால் எழுதிச் சேர்க்க. எம் அண்ணன் இன்றும் பகலில் ஓவர்லாக் தைக்கின்றார், இரவில் மொழிபெயர்க்கின்றார். பதிவேற்றும் உரிமையை அவர்க்கே அளிக்குமாறு அக்கூட்டத்தாரை வேண்டியுள்ளோம். மறுமொழியை எதிர்நோக்கியிருக்கின்றோம்.